பூனைக்குக் குரல் போய்விட்டதா? வீட்டில் முதலில் பார்க்க வேண்டியவை

வாயைத் திறக்கிறது, சத்தம் வரவில்லை. வந்தாலும் கரகரப்புதான். “தொண்டை கட்டியிருக்கும், மிளகுப் பால் கொடு” என்று பக்கத்து ஃப்ளாட் மாமி சொல்வார். வேண்டாம்.

படி 1: மூச்சு
தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 முதல் 30 வரை சரி. 40ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்திருந்தாலோ உடனே டாக்டரிடம் கிளம்புங்கள். குரல்வளை செயலிழந்திருக்கலாம், தொண்டையில் கட்டி வளர்ந்து அடைத்திருக்கலாம்.

படி 2: வாய்
எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குணமும் மாறியிருந்தால் வாய்க்குள் கை வைக்காதீர்கள். வெறிநோயிலும் குரல் மாறும். மற்றபடி, சாதுவான பூனை என்றால் வெளிச்சத்தில் வாயைத் திறந்து நாக்கைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். மும்பை மாட்டுங்காவில் வாங்கிய மல்லிச் சரத்தின் நூல் நாக்கடியில் சுற்றிக்கொண்டு, மறுமுனை வயிற்றுக்குள் போயிருக்கலாம். அதை இழுக்கவே கூடாது, குடலை அறுத்துவிடும். மீன் முள்ளையும் டாக்டரே எடுக்கட்டும்.

படி 3: மூக்கும் கண்ணும்
தும்மல், சளி, கண்ணில் நீர் இருந்தால் பெரும்பாலும் ஹெர்பிஸ் அல்லது கேலிசி வைரஸ். அடிக்கடி பார்க்கும் காரணம் இதுதான். மூக்கடைத்தால் சாப்பாட்டு வாசனை தெரியாது. ஈர உணவை லேசாகச் சூடாக்கி வையுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் காத்திருக்காதீர்கள், கல்லீரல் கெட்டுவிடலாம்.

படி 4: வயதும் சமீபத்திய கதையும்
10 வயது தாண்டி, நன்றாகத் தின்றும் இளைக்கிறதா? தைராய்டு பரிசோதனை கேளுங்கள். இளம் பூனை குறட்டை விட்டால் தொண்டைக்குப் பின்னால் பாலிப் (சதை வளர்ச்சி) இருக்கலாம். அப்புறம், ஆபரேஷனில் மூச்சுக்குழாயில் டியூப் போட்டிருந்தாலும், ஹீட்டில் (இணைசேரும் பருவத்தில்) ராத்திரி முழுக்கக் கத்தியிருந்தாலும் குரல் கம்மும். சில நாளில் தானே திரும்பும்.

பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரைகூட பூனையைக் கொன்றுவிடும்.

படி 5: டாக்டரிடம்
பரேலில் பாய் சகர்பாய் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. பக்கத்து கிளினிக்கும் போதும். பூனை கத்த முயல்வதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், மேஜை மேல் ஏற்றினால் அது வாயே திறக்காது. குரல்வளையைப் பார்க்க மயக்க மருந்து தர வேண்டியிருக்கும் என்பதால், கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதையும் சொல்லுங்கள்.