முதியவர்களின் நினைவாற்றல்: சோதிப்பதிலும் பழக்குவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபதைத் தாண்டியவர் பழைய நண்பரின் பெயர் வாய்க்கு வராமல் திணறினால் வீட்டில் "வயசாயிடுச்சு" என்கிறார்கள். கேஸ் அடுப்பை அணைக்காமலேயே மாதத்தில் நாலு தடவை வெளியே போய்விட்டாலும் அதே "வயசாயிடுச்சு"தான். முன்னது பெரும்பாலும் சாதாரண முதுமை. பின்னதற்கு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போடுவதால் சிலருக்குத் தேவையில்லாத பயம் வருகிறது, சிலருக்குச் சிகிச்சை தாமதமாகிறது.

நினைவில் மூன்று கட்டங்கள் உண்டு. தகவல் முதலில் பதிய வேண்டும், பிறகு தங்க வேண்டும், வேண்டியபோது திரும்பி வர வேண்டும். ஆரோக்கியமான முதுமையில் அதிகம் தளர்வது முதலாவதும் மூன்றாவதும். அல்சைமர் நோயில் புதிய தகவல் தங்குவதே தொடக்கத்திலிருந்து அடிபடுகிறது. "மறந்துட்டார்" என்று சொல்வதற்கு முன் எந்தக் கட்டத்தில் இடறியது என்று பார்க்காததுதான் கீழே வரும் பல தவறுகளுக்கும் மூலம்.

காதில் விழாததை மறதிக் கணக்கில் எழுதுவது

வயதால் வரும் செவிக்குறைவில் முதலில் போவது உச்ச அதிர்வெண் ஒலிகள். உயிரொலிகள் நன்றாகவே கேட்கும். க, ச, த, ப போன்றவை நழுவும். யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது பிடிபடாது. விட்டுப்போன ஒலிகளை ஊகித்து நிரப்பவே மூளையின் கவனம் செலவாகிவிடுவதால் சொன்ன செய்தி சரியாகப் பதிவதில்லை. சமையலறையிலிருந்து மிக்ஸி சத்தத்துக்கு நடுவே "அப்பா, நாளைக்கு பத்து மணிக்கு ரத்தப் பரிசோதனை, வெறும் வயித்துல இருங்க" என்று குரல் கொடுத்தால், அவரும் "சரிம்மா" என்பார். காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இதில் மறப்பதற்கு எதுவுமே உள்ளே போகவில்லை.

மின்விசிறிச் சத்தம், டிவி இரண்டையும் குறைத்து, முகம் தெரியும் வெளிச்சத்தில் எதிரே உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு செய்தி மட்டும் சொல்லுங்கள். "சரி" என்ற பதிலை ஏற்காமல், "எத்தனை மணிக்குப்பா?" என்று அவர் வாயாலேயே ஒரு முறை வரவழையுங்கள். நினைவுப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும் முன் செவித்திறன் அளவையும் கண்ணாடியின் பவரையும் பார்த்துவிடுவது நல்லது. காதுக் கருவி பெட்டியில் இருக்க, நினைவுச் சோதனை செய்து குறைந்த மதிப்பெண் போட்டுக் கொடுப்பது இன்றும் நடக்கிற கூத்து.

காதுக்கு அடுத்தது மருந்து. மூளையில் நினைவுப் பதிவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்துகள் பல வீடுகளின் மாத்திரை டப்பாவில் இருக்கின்றன: சளிக்கு குளோர்பெனிரமின், சிறுநீர் அவசரத்துக்கு ஆக்சிபியூட்டினின், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிபெனிடில். தூக்கத்துக்கு எடுக்கும் அல்பிரசோலம் வேறு வழியில் பதிவைக் கெடுக்கும். இதைப் படித்துவிட்டு எதையும் தானாக நிறுத்த வேண்டாம். அல்பிரசோலத்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், கடையில் சும்மா வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி வேஷத்தில் வரும். பல வருடங்களாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளும் முழுச் சைவம் உண்பவர்களும் பி12 அளவைப் பார்ப்பது அவசியம்.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்புகிறார் என்றால், அது மெதுவாக வரும் மறதி நோயின் நடை அல்ல. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து, பக்கவாதம், சில வாரங்களுக்கு முன் விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனை போக வேண்டிய விஷயம் இது.

எழுபது வயதுக்காரரை இருபதோடு ஒப்பிடுவது

இந்தத் தவறை வீட்டில் உள்ளவர்கள் மட்டும் செய்வதில்லை. ஆராய்ச்சியாளர்களும் நெடுங்காலம் செய்தார்கள். இன்றைய இருபது வயதினரையும் எழுபது வயதினரையும் ஒரே நாளில் சோதித்து, வித்தியாசம் முழுவதையும் முதுமையின் தலையில் கட்டினார்கள். ஆனால் அந்த இரு தலைமுறைகளும் படித்த வருடங்கள் வேறு, சிறுவயதில் சாப்பிட்ட சாப்பாடு வேறு, தேர்வு எழுதும் பழக்கம் வேறு. உளவியலாளர் வார்னர் ஷாயி 1956-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு, 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே மனிதர்களைத் திரும்பச் சோதித்தது. அப்படிப் பார்த்தபோது, பல திறன்களில் சராசரிச் சரிவு அறுபதை ஒட்டியே கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த முறையிலும் ஓட்டை உண்டு. திரும்பத் திரும்ப எழுதுகிறவருக்குச் சோதனை பழகிப்போகிறது. உடல் தளர்ந்தவர்கள் பாதியில் விலகிவிட, திடமானவர்களே கடைசிவரை மிஞ்சுகிறார்கள். இரு தலைமுறைகளை ஒப்பிடும் முறை சரிவைப் பெரிதாக்கிக் காட்டும், அதே மனிதர்களைத் தொடரும் முறை சிறிதாக்கிக் காட்டும். "நினைவாற்றல் 25 வயதிலேயே குறையத் தொடங்குகிறது" என்ற தலைப்பைப் பார்த்தால், அது எந்த முறையில் அளந்தது என்று பாருங்கள். எல்லாத் திறனும் ஒரே வேகத்தில் இறங்குவதுமில்லை. எண்களையும் குறிகளையும் வேகமாகப் பொருத்தும் திறன் இருபதை ஒட்டி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். சொல்வளம் ஐம்பதுகளுக்குப் பிறகும் நிற்கும், வளரும்.

எனவே அம்மாவைப் பக்கத்து வீட்டு மாமியோடு ஒப்பிடாமல் அம்மாவோடே ஒப்பிடுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஏ.டி.8 என்ற 8 கேள்விப் பட்டியலின் பலமே அதுதான். பணக் கணக்கு, மாதம் அல்லது வருடத்தை மறப்பது, சந்திப்பு நாட்களை விடுவது, சொன்னதையே சொல்வது, புதுக் கருவி பழகுவது போன்றவற்றில் கடந்த சில ஆண்டுகளில் மாற்றம் உண்டா என்று அது உடன் இருப்பவரிடம் கேட்கிறது. 2 அல்லது அதற்கு மேல் "ஆம்" வந்தால் விரிவான பரிசோதனை தேவை. கேள்வி மாற்றத்தைப் பற்றியது. எப்போதுமே கணக்கில் மந்தமாக இருந்தவர் இப்போதும் மந்தமாக இருப்பது "ஆம்" ஆகாது.

முகாமில் போட்ட மதிப்பெண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

நினைவையும் சிந்தனையையும் அளக்கும், 30 மதிப்பெண் கொண்ட எம்.எம்.எஸ்.இ. சோதனை 1975-இல் வந்தது. 24-க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது வழக்கம். அதில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்று, வாழ்நாளெல்லாம் வயல்வேலையும் வீட்டு வரவுசெலவும் பார்த்த பாட்டியிடம் பென்சிலைக் கொடுத்து ஐங்கோணம் வரையச் சொன்னால் அவர் இழக்கும் மதிப்பெண்ணுக்கு நோய் காரணமில்லை. ஹரியானாவின் பல்லப்கட் பகுதியில் ஆய்வு செய்த இந்திய-அமெரிக்கக் குழு, எழுதப் படிக்கத் தெரியாத முதியோருக்காகக் கேள்விகளையே மாற்றி அமைத்து 1995-இல் வெளியிட்டது. மோகா என்ற இதேபோன்ற இன்னொரு சோதனையில் 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டுகிறார்கள். பள்ளிக்கூடமே போகாதவருக்கு அந்த ஒன்று போதாது என்பது சோதிப்பவர்களுக்கும் தெரியும்.

தேதி கேட்பதிலும் இதே கோளாறு. "இன்னைக்கு என்ன மாசம் பாட்டி?" என்றால் "ஐப்பசி பொறந்து நாலு நாள் ஆச்சு" என்பார். அக்டோபர் என்று சொல்லவில்லையே என்று பூஜ்யம் போட்டால், பிழை விட்டது சோதித்தவர். ஒரே தாளை இரண்டு மாதத்தில் திரும்பக் கொடுப்பதும் கூடாது. பழக்கத்தால் மதிப்பெண் ஏறி, மருந்து வேலை செய்கிறது என்ற பொய் நிம்மதியைத் தரும். மோகாவுக்கு மாற்றுத் தாள்கள் இருப்பது இதற்காகத்தான். நேரமும் முக்கியம். முதியோர் பலருக்குக் காலை வேளை தெளிவு. மாலை நாலரைக்கு, இரண்டு மணி நேரம் வரிசையில் காத்திருந்த பிறகு வரும் எண்ணை வைத்து ஒருவரைத் தீர்மானிக்க வேண்டாம்.

சோதிக்கிறவர்கள் பார்க்க வேண்டிய ஒன்று துப்பின் பலன். சொற்பட்டியலில் ஒரு சொல் வரவில்லை என்றால் "அது ஒரு காய்கறி" என்று எடுத்துக் கொடுங்கள். சட்டென்று "முருங்கை" என்று வந்தால், தகவல் தங்கியிருக்கிறது, எடுப்பதில்தான் தடை. துப்பு கொடுத்தும் வரவில்லை, பட்டியல் கேட்டதே நினைவில்லை என்றால் அது வேறு கதை.

போனைப் பிடுங்கி நாமே செய்துகாட்டுவது

தாத்தா யூ.பி.ஐ.யில் பணம் அனுப்பக் கேட்பார். பேரன் போனை வாங்கி, பத்து நொடியில் ஆறு இடம் தட்டி, "இவ்ளோதான் தாத்தா, ஈஸி" என்பான். அடுத்த வாரம் அதே கேள்வி வரும், அதே பதில், கூடவே கொஞ்சம் எரிச்சல். பார்ப்பது கற்பதாகாது என்பது இளைஞர்களிடமே நிரூபணமான விஷயம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையில், ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்கள் 5 நிமிடத்துக்குப் பின் 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒரு முறை படித்துவிட்டு மனதிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: 42-க்கு எதிராக 56. உடனடியாகத் தெரியும் சரளம் நம்மை ஏமாற்றுகிறது. மனதிலிருந்து எடுத்துப் பார்ப்பதன் இந்தப் பலன் முதியவர்களிடமும் உண்டு.

போன் அவர் கையிலேயே இருக்கட்டும். தட்டுவது அவர் விரல். நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்கள். மூன்று வழிகள் இருந்தாலும் ஒரே வழியைப் பழக்குங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் வேறு பேசிவிட்டு, உதவியில்லாமல் உங்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து. நடுவில் தயங்கினால் உடனே பாய்ந்து உதவாமல் சற்றுப் பொறுங்கள். வயதோடு குறைவது பெரும்பாலும் வேகம்தான்.

இடைவெளியை எவ்வளவு விடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. செப்பீடாவும் சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 7 நாள் கழித்துத் தேவைப்படுவதை ஒரு நாள் இடைவெளியிலும், 35 நாள் கழித்துத் தேவைப்படுவதை 11 நாள் இடைவெளியிலும் திரும்பப் படித்தவர்களுக்கே அதிகம் நினைவில் நின்றது. ஒரே மாலையில் பத்துமுறை சொல்லிக்கொடுப்பது சொல்பவரின் தொண்டைக்குத்தான் பயிற்சி.

மூளைக்கு விளையாட்டு, நினைவுக்கு மாத்திரை

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரை வைத்து நடந்த 'ஆக்டிவ்' சோதனையில், நினைவுப் பயிற்சி பெற்றவர்கள் நினைவுச் சோதனையிலும், பகுத்தறிதல் பயிற்சி பெற்றவர்கள் பகுத்தறிதல் சோதனையிலுமே முன்னேறினார்கள். ஒன்றின் பலன் மற்றொன்றுக்குத் தாவவில்லை. 10 ஆண்டுக்குப் பின் பார்த்தபோது நினைவுப் பயிற்சியின் ஆதாயம் கரைந்துபோயிருந்தது. சுடோகு போடுகிறவர் சுடோகுவில் தேறுவார்; பிடித்தால் தாராளமாகப் போடலாம். லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியின் நிறுவனம், ஆதாரமில்லாத விளம்பரங்களுக்காக 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. நினைவாற்றலுக்கென்று விற்கும் ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரையை 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்குத் தினம் இருமுறை, 120 மில்லிகிராம் வீதம் கொடுத்த சோதனையின் முடிவு 2008-இல் வந்தது: டிமென்ஷியா எனும் மறதி நோய் குறையவில்லை. வல்லாரைத் துவையல் ருசிக்காகச் சாப்பிடுவது நல்லதுதான். அதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

"நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்"

மறதி நோய் உறுதியானவரிடம் வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்கும் கேள்வி இது. ஆரோக்கியமானவர் தவறாகச் சொன்னால் திருத்திக்கொள்வார், அந்தத் தவறிலிருந்தும் கற்பார். புது நினைவு பதியாதவருக்குத் தான் சொன்ன தவறான பதிலே பதிந்துவிடும் வாய்ப்பு அதிகம். திருத்தம் நடந்தது மட்டும் நிற்காது. 1994-இல் உளவியலாளர்கள் பேடலியும் வில்சனும் நினைவிழப்பு நோயாளிகளிடம் இதைக் காட்டினார்கள். ஊகிக்க விடாமல் கற்பித்தபோது அவர்கள் அதிகம் கற்றார்கள். எனவே வீட்டுக்குள் நுழையும்போதே "பெரியம்மா, நான் செல்வி, உங்க தங்கச்சி மக" என்று சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

அவசியமான ஒரு தகவலைப் பதிய வைக்க, இடைவெளி நீட்டிக் கேட்கும் முறை ஒன்று உண்டு. "கண்ணாடி எங்கே இருக்கும்? சாமி அலமாரியில" என்று சொல்லி, உடனே கேளுங்கள். சரியாக வந்தால் 30 நொடி, பிறகு 1 நிமிடம், 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். நடுவில் சும்மா பேசிக்கொண்டிருக்கலாம். தவறினால் "யோசிச்சுப் பாருங்க" என்று தூண்டாமல் உடனே சரியான விடையைச் சொல்லி, அவரையும் ஒருமுறை சொல்ல வைத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்கே திரும்புங்கள். ஒரு சமயம் ஒரே தகவல், ஒரே கேள்வி வாசகம். காலையில் "கண்ணாடி எங்கே" என்றும் மாலையில் "எங்க வச்சீங்க" என்றும் வீட்டில் ஆளுக்கொரு விதமாகக் கேட்டால் வேலை கெடும். மறுநாள் அமர்வை அதே கேள்வியோடு தொடங்குங்கள். மூன்று அமர்வுகளில் தொடர்ந்து முதல் கேள்விக்கே சரியான பதில் வந்தால் அடுத்த தகவலுக்குப் போகலாம்.