மேக், லெட் வந்தால் 'டு' வேண்டாம்

ஆங்கிலத்தில் பேசும்போது பலரும் 'ஹி மேட் மீ டு வெயிட்' என்கிறார்கள். 'ஹி மேட் மீ வெயிட்' என்பதே சரி. மேக், லெட் இரண்டிலும் ஆளைச் சொன்ன பிறகு வரும் வினைச்சொல்லுக்கு முன் 'டு' சேராது: 'லெட் மீ செக்', 'லெட் ஹர் ஸ்பீக்'. ஆபீஸ் போனில் கேட்கும் 'ஐ வில் ஹேவ் ஹிம் கால் யூ' என்பதும் இந்த வகைதான்.

குழப்பத்துக்குக் காரணம், கிட்டத்தட்ட அதே பொருள் தரும் வேறு சொற்கள் 'டு'வைக் கேட்பதுதான். 'ஷி லெட் மீ கோ' என்பதை அலவ் போட்டுச் சொன்னால் 'ஷி அலவ்ட் மீ டு கோ'. மேக் போய் ஃபோர்ஸ் வந்தால் 'தே ஃபோர்ஸ்ட் அஸ் டு லீவ்'. கெட் என்றாலும் அப்படியே: 'கெட் ஹிம் டு சைன்'. இவற்றை ஜோடி ஜோடியாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், விதியை மனப்பாடம் செய்வதைவிட இது சீக்கிரம் பிடிபடும்.

ஹெல்ப் பற்றிக் கவலையே வேண்டாம், 'டு' போட்டாலும் விட்டாலும் சரி. பேச்சில் 'ஹெல்ப் மீ ஃபைண்ட் இட்' என்பது இயல்பாக இருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேக் செயப்பாட்டு வினையானால் 'டு' திரும்ப வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'. லெட்டை அப்படி மாற்ற வேண்டாம், 'ஐ வாஸ் அலவ்ட் டு கோ' என்று சொல்லுங்கள்.