சூடானால் கிளம்பாத டீசல் இன்ஜின்: பம்பைப் பிரித்த அனுபவம்

எங்கள் கிணற்றில் இருப்பது 5 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். காலையில் கைப்பிடி போட்டுச் சுற்றினால் உடனே பிடித்துக்கொள்ளும். சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சோதித்தேன், சரியாகவே பீய்ச்சியது. அப்போ நாசிலுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் பம்பில்தான் கோளாறு. அதற்குள் மேலும் கீழும் போய்வரும் தண்டான பிளஞ்சருக்கும், அதைச் சுற்றியுள்ள உருளையான பேரலுக்கும் நடுவே சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு) இடைவெளி. அது தேய்ந்தால், சூட்டில் நீர்த்துப்போன டீசல் அந்த வழியே கசிந்துவிடும். கையால் சுற்றும் வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் வராது.

பம்பைக் கழற்றி, சுத்தமான டீசல் ஊற்றிய தட்டில் வைத்துப் பிரித்தேன். பழந்துணியால் துடைக்கவே கூடாது, ஒரு நூலிழை போதும் கெடுக்க. பிளஞ்சரை வெயிலில் திருப்பிப் பார்த்தால், பளபளப்புக்கு நடுவே டீசல் அளவைத் தீர்மானிக்கும் சரிவு வெட்டை ஒட்டி நீளவாக்கில் மங்கலான கோடுகள். பிளஞ்சரையும் பேரலையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மாட்டும்போது ராக்கிலும் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல்தண்டு) ஸ்லீவிலும் (அதோடு சேர்ந்து பிளஞ்சரைத் திருப்பும் வளையம்) உள்ள குறிகள் நேராகச் சேரணும். தவறினால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடும், உயிருக்கே ஆபத்து.

அப்புறம் டைமிங், அதாவது டீசல் பீய்ச்சத் தொடங்கும் நேரம். ராக்கை முழு அளவில் வைத்து, பம்பிலிருந்து டீசல் வெளியேறும் இடத்திலுள்ள டெலிவரி வால்வை எடுத்துவிட்டு, அதன் மூடியை மட்டும் மாட்டி ஃப்ளைவீலை மெல்லச் சுற்றினேன். டீசல் சொட்டு நிற்கும் இடம்தான் பீய்ச்சலின் தொடக்கம். அது ஃப்ளைவீலில் உள்ள குறியைத் தாண்டித்தான் நின்றது, அதாவது தாமதம். பம்புக்கு அடியிலிருந்து ஷிம் எனும் மெல்லிய தகடு ஒன்றை எடுத்ததும் குறிக்கே வந்துவிட்டது. கூடவே டேங்குக்கும் பம்புக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றையும் சேர்த்தேன். இப்போது சூட்டிலும் சட்டென்று பிடிக்கிறது.