பொலிஞ்சர் ஷாம்பெயினின் பாணியை அறிந்து சுவைப்பது எப்படி

ஷாம்பெயின் நிறுவனம் ஒன்றின் பாணியைத் தெரிந்துகொள்ள விரும்புவோர் பெரும்பாலும் சுவைக் குறிப்புகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆப்பிள், பாதாம், தேன் என்று நீளும் அந்தப் பட்டியல் எந்த நிறுவனத்துக்கும் ஓரளவு பொருந்திவிடும் என்பதால் அதனால் பெரிய பயன் விளைவதில்லை. ஒரு நிறுவனம் தன் ஒயினை எந்தக் கட்டத்தில், எதற்குள், எவ்வளவு காலம் காக்க வைக்கிறது என்று கேட்பதே நேரான வழி. பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில், மார்ன் ஆற்றங்கரையிலுள்ள ஆயி என்ற சிற்றூரில், 1829 முதல் குடும்பச் சொத்தாகவே இருந்துவரும் பொலிஞ்சர் இந்தக் கேள்வியைப் பழகிப் பார்க்க ஏற்ற நிறுவனமாகும்.

புட்டியைத் திறப்பதற்கு முன் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. ஆயியில் திராட்சைத் தோட்டங்களை வைத்திருந்த அத்தனாஸ் த வில்லர்மோன் உயர்குடிப் பிறப்பினர். தம் குடிப்பெயரை வணிகத்தில் இறக்குவது அன்றைய வழக்கத்துக்கு ஒவ்வாததால், ஜெர்மனியின் வூர்ட்டெம்பர்க்கிலிருந்து வந்த ஜோசப் பொலிஞ்சரையும் பால் ரெனோதேனையும் கூட்டாளிகளாக்கி, அவர்கள் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடங்கினார். ஜோசப் பின்னர் வில்லர்மோனின் மகளை மணந்துகொள்ள, தோட்டமும் வணிகமும் ஒரே குடும்பத்தில் சேர்ந்தன. பாணியைப் புரிந்துகொள்ள இந்தத் திருமணம் முக்கியமானது. ஷாம்பெயினின் பெரிய நிறுவனங்கள் பல, தங்களுக்கு வேண்டிய திராட்சையின் பெரும்பகுதியை உழவர்களிடமிருந்து விலைக்கு வாங்குகின்றன. பொலிஞ்சரோ தன் தேவையில் பாதிக்கு மேல் சொந்தத் தோட்டங்களிலிருந்தே பெறுகிறது. ஆயியும் அதைச் சூழ்ந்த சரிவுகளும் பினோ நுவார் என்ற கருந்திராட்சைக்குப் பேர்பெற்றவை. ஆகவே இந்த ஒயினின் உடற்கட்டு, அதாவது வாயில் உணரும் கனம், தோட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

1884இல் விக்டோரியா அரசியின் அரசவைக்கு ஷாம்பெயின் வழங்கும் உரிமை கிடைத்ததைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். அது சந்தையின் வரலாறு. சுவைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. சுவைக்கு நெருக்கமானவர் லில்லி பொலிஞ்சர். 1941இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே நிறுவனத்தை நடத்திவந்த கணவரை இழந்த அவர், 1971 வரை அதை நடத்தினார். எரிபொருள் கிடைக்காத அந்நாள்களில் சைக்கிளிலேயே தோட்டங்களைச் சுற்றிவந்தார். புதிய நிலங்களை வாங்கிச் சேர்த்த அவர், முறைகளை மாற்ற மறுத்தார். போருக்குப் பின் வட்டாரம் முழுவதும் மரப் பீப்பாய்களிலிருந்து எஃகுத் தொட்டிகளுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் பீப்பாய்கள் இங்கே நிலைத்ததற்கு அந்தப் பிடிவாதமும் ஒரு காரணம் என்றே எண்ணத் தோன்றுகிறது.

இனிப் புட்டிக்கு வருவோம். முதலில் வாங்க வேண்டியது, ஆண்டு குறிப்பிடாத ‘ஸ்பெஷல் குவே’. இந்தப் பெயர் 1911இல் வந்தது. ஸ்பெஷல் குவேயில் பினோ நுவார் 60 விழுக்காடு, ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை 25 விழுக்காடு, முனியே என்ற மற்றொரு கருந்திராட்சை 15 விழுக்காடு. முகப்புச் சீட்டில் ‘புரூட்’ என்றிருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை என்று பொருள். இதில் அதைவிடவும் நன்றாகவே குறைவு. எனவே நாவில் படும் செழுமையைச் சர்க்கரையின் கணக்கில் எழுதக் கூடாது.

குளிரூட்டும்போதுதான் பலர் தவறுகிறார்கள். பனிக்கட்டி போல் குளிர்ந்த ஷாம்பெயினில் நுரையும் புளிப்பும் மட்டுமே தெரியும். பீப்பாயும் காலமும் தந்தவை மறைந்துபோகும். எட்டு முதல் பத்து டிகிரி செல்சியஸ் போதுமானது. பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் அரை மணி நேரம் புட்டியை வைத்து, வெளியே எடுத்துச் சில நிமிடங்கள் விட்டால் அந்த அளவுக்கு வந்துவிடும். கம்பிக் கூட்டைத் தளர்த்திய பிறகு தக்கையிலிருந்து கையை எடுக்கக் கூடாது, ஏனெனில் உள்ளே காற்றழுத்தத்தைப் போல் ஐந்தாறு மடங்கு அழுத்தம் இருக்கிறது. புட்டியைச் சாய்த்துப் பிடித்து, தக்கையை அசைக்காமல் புட்டியின் அடிப்பகுதியைத் திருகினால் தக்கை மெல்லிய பெருமூச்சோடு வெளிவரும். நெடிய குழல் போன்ற கோப்பையைத் தவிர்த்து, நடுவில் அகன்று வாயில் குறுகும் ஒயின் கோப்பையைப் பயன்படுத்துங்கள்; மணம் சேர்வதற்கு இடம் வேண்டும்.

ஊற்றியதும் குடிக்க வேண்டாம். முதலில் மேலெழுவது பழுத்த ஆப்பிள், பேரிக்காய் ஆகியவற்றின் மணம். இரண்டு மூன்று நிமிடங்களில் அதனடியிலிருந்து வாதுமைக் கொட்டை, வறுத்த ரொட்டி, லேசான மசாலா ஆகியவை வரும். இதன் காரணம் நிலவறையில் இருக்கிறது. இங்கே பயன்படுவன பழைய ஓக் பீப்பாய்கள். புது மரத்தின் வனிலா மணம் ஒயினில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே பழையவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மரத்தின் நுண்துளைகள் வழியாக ஒயின் சிறிது சிறிதாக மூச்சுவிடுகிறது; இளமையிலேயே அளவாகக் காற்றைச் சந்தித்த ஒயின் பின்னாளில் காற்றுக்கு எளிதில் சோர்வதில்லை. இந்தப் பீப்பாய்களைப் பழுதுபார்க்கவே தனியாக ஒரு தச்சரை நிறுவனம் வைத்திருக்கிறது.

காலத்தின் பங்கு இதனினும் பெரியது. முந்தைய ஆண்டுகளின் ஒயினைக் கலவைக்காகச் சேமித்து வைப்பது எல்லா நிறுவனங்களுக்கும் உள்ள வழக்கம்தான். பெரும்பாலோர் தொட்டிகளில் வைப்பார்கள். பொலிஞ்சரோ அவற்றில் ஒரு பகுதியை ஒன்றரை லிட்டர் மேக்னம் புட்டிகளில் ஊற்றி, லேசான நுரை ஏறும் அளவுக்கு மட்டும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, இயற்கைத் தக்கையால் அடைத்து ஐந்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை கிடத்திவைக்கிறது. பல இலட்சம் புட்டிகள் இப்படிக் கிடக்கின்றன. கலவைக்கு வேண்டும்போது அவற்றைக் கையால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும் என்றால், இதற்கு ஆகும் உழைப்பை எண்ணிப் பாருங்கள். பங்குச் சந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனம் இதைச் செய்யத் துணிவது கடினம் என்பது என் கருத்து; குடும்பச் சொத்து என்பதன் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. ஆண்டு குறிக்காத ஷாம்பெயினை 15 மாதங்கள் நிலவறையில் வைத்தால் போதும் என்கிறது சட்டம்; ஸ்பெஷல் குவே அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் காத்திருக்கிறது.

ஒரு புட்டியை மட்டும் சுவைத்துப் பாணியை அறிவது கடினமாதலால், எஃகுத் தொட்டியில் உருவான, ஷார்டனே மிகுந்த வேறொரு நிறுவனத்தின் ஷாம்பெயினை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அது கூர்மையாக, எலுமிச்சையை ஒட்டி நேராகச் செல்லும். பொலிஞ்சர் நாவின் நடுவில் அகலமாக விரியும். அந்த அகலத்தை விரும்பாதவர்களும் உண்டு. ஆக்சிஜன் தொட்ட கொட்டைச் சுவையைப் பழையது என்று ஒதுக்குவோருக்கு இந்த நிறுவனம் ஏற்றதன்று.

அடுத்த படி ‘லா கிராந்த் அன்னே’. நல்ல விளைச்சல் வாய்த்த ஆண்டுகளில் மட்டும், முழுவதும் பீப்பாயிலேயே நொதித்து உருவாவது. நிலவறையில் முதிரும்போது இதற்கு உலோக மூடிக்குப் பதிலாகத் தக்கையைத்தான் இடுகிறார்கள். நீண்ட கால முதிர்வில் தக்கையே ஆக்சிஜனை நன்கு தடுக்கிறது என்பது நிறுவனத்தின் நம்பிக்கை. தக்கை சில சமயம் ஒயினைக் கெடுத்துவிடும் என்பதால், புட்டியில் நுரை ஏறியபின் படிந்துகிடக்கும் ஈஸ்ட் கசடை நீக்கும்போது தொழிலாளி புட்டியைக் கையால் திறந்து முகர்ந்து பார்த்தே அடுத்ததற்குச் செல்கிறார்.

இதே ஒயினைக் கசடோடு மேலும் பல ஆண்டுகள் விட்டுவைத்து, விற்பனைக்குச் சற்று முன் கசடு நீக்குவதே ‘ஆர்.டி.’ (‘அண்மையில் கசடு நீக்கியது’ என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம்). 1952ஆம் ஆண்டு விளைச்சலை 1967இல் வெளியிட்டு லில்லி தொடங்கிவைத்த வகை இது. வாங்கும்போது பின்சீட்டில் கசடு நீக்கிய தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் புட்டியின் இரண்டாம் முதுமை தொடங்குகிறது. முடிந்தால் ஒரே விளைச்சல் ஆண்டின் கிராந்த் அன்னேயையும் ஆர்.டி.யையும் சேர்த்தே வாங்கி, ஸ்பெஷல் குவேயைவிடச் சற்றுக் கூடிய வெப்பநிலையில், பத்து முதல் பன்னிரண்டு டிகிரியில், அடுத்தடுத்துச் சுவையுங்கள். திராட்சையும் பீப்பாயும் கலவையும் ஒன்றே, ஆர்.டி.யில் கடைசியாகச் சேர்க்கும் சர்க்கரை மட்டும் இன்னும் குறைவு. எஞ்சிய வேறுபாடு முழுவதும் கசடோடு கழிந்த ஆண்டுகள் தந்தது.