பலசரக்கு அலமாரியை 400 ரூபாய்க்குள் ஒழுங்கு செய்வது எப்படி?

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, உப்புமாவுக்கு ரவை பாக்கெட்டைப் பிரித்தேன். கரண்டியை விட்டு எடுத்தால் ரவை உதிரவில்லை. நூலில் கோத்ததுபோலக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. புதுசு வாங்கிவர ஆள் அனுப்பும் முன் அலமாரியின் பின்பக்கத்தைத் துழாவிப் பார்த்தேன். பாதி தீர்ந்த ரவை இன்னும் இரண்டு பாக்கெட் இருந்தது. அதிலும் நூல். கடலைமாவு மூன்று பாக்கெட். சீரகம் நான்கு இடத்தில். அன்றைக்கு எடுத்துக் கொட்டியதைக் கணக்குப் பார்த்தால் 300 ரூபாய்க்கு மேல் வந்தது. வீட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரியாததால்தான் அத்தனையையும் திரும்பத் திரும்ப வாங்கியிருக்கிறேன்.

அந்த வாரமே அலமாரியைப் பிரித்து அடுக்கினேன். ஒரு வருஷம் ஆகப் போகிறது, இன்னும் கலையவில்லை. எப்படிச் செய்தேன் என்பதை, இதுவரை இந்த வேலையைத் தொடாதவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். அலமாரி முன்னால் நின்றால் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அழகெல்லாம் அப்புறம்.

எங்களுடையது திருநெல்வேலி பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீடு. அடுக்களைச் சுவரில் கதவில்லாத மூன்று சிமெண்ட் தட்டு, மேலே ஒரு பரண். சுவரில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் இதைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம், முறை ஒன்றுதான்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

மாதத்தின் கடைசி வாரம்தான் சரியான நேரம். மாசச் சாமான் தீர்ந்து, டப்பாக்கள் பாதி காலியாக இருக்கும். ஒன்றாம் தேதி சாமான் வந்த கையோடு ஆரம்பித்தால் மலைப்பாக இருக்கும். நல்ல வெயில் அடிக்கிற நாளாகவும் பாருங்கள். கழுவின டப்பா காய வேண்டும், பருப்பை வெயிலில் போட வேண்டும். மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று செய்யுங்கள். மூன்று தட்டையும் ஒரே நாளில் இறக்கிவிட்டு, பாதியில் மதியச் சமையல் வந்து நின்றால் கஷ்டம்.

இன்னொன்று, இந்தக் கட்டத்தில் டப்பா எதுவும் வாங்காதீர்கள்.

2. எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

தரையில் ஒரு பழைய வேட்டியை விரித்து, எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். ஒரே சாமான் எத்தனை இடத்தில் இருந்தாலும் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் நான்கு சீரகப் பொட்டலமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது.

பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். மல்லித்தூளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தும் மணம் வரவில்லை என்றால் அது குழம்புக்கு ஆகாது. நிலக்கடலையில் பூஞ்சை பிடித்திருந்தால் பொறுக்கி எடுத்து மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம், மொத்தமாகப் போட்டுவிடுங்கள். நூல் பிடித்த ரவை, மைதா, கடலைமாவும் அப்படியே.

துவரம்பருப்பு, உளுந்து, மல்லி, மிளகாய் வத்தலை வெயிலில் காயப் போடலாம். அரிசியை மட்டும் சுள்ளென்ற வெயிலில் போடாதீர்கள், மணி கீறல் விட்டு உலையில் குருணையாகிவிடும். நிழலில் விரித்து, ஆறவிட்டு, சொளகில் (முறத்தில்) புடைத்தால் போதும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து, துளையையும் அடைத்துவிடும். அதனால்தான் வாங்கும்போது பளிச்சென்று இருந்த அரிசியில் ஒரு மாதம் கழித்து வண்டு ஊர்கிறது. ரவையிலும் மாவிலும் முட்டை பெரும்பாலும் மில்லிலிருந்தோ கடையிலிருந்தோ கூடவே வந்துவிடுகிறது. ஆகையால் புதிதாக வாங்கும் ரவையை வெறும் சட்டியில் லேசாக வறுத்து, நன்றாக ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். மைதா, கடலைமாவு என்றால் பாக்கெட்டோடு ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து, வெளியே எடுத்து, குளிர் முழுக்கப் போனபிறகு பிரியுங்கள். குளிரோடு பிரித்தால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

வண்டுக்காகப் போரிக் பவுடர் போடுவதோ, அலமாரியில் பாச்சை உருண்டை வைப்பதோ வேண்டவே வேண்டாம். நிழலில் காய்ந்த வேப்பிலை, நாலு மிளகாய் வத்தல் போட்டு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதில் கெடுதல் இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பி டப்பாவைத் திறந்து வைத்துவிடாதீர்கள். நன்றாக மூடும் மூடிதான் முதல் காவல்.

3. தட்டைத் துடையுங்கள்

தட்டுகளைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம் மேலே தெரிய விரியுங்கள். வழவழப்பான தாள் என்பதால் சிந்தினதை வழித்தெடுக்க லேசு.

4. டப்பாவை அளந்து தேர்ந்தெடுங்கள்

பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கடையில் சாமானைக் கிலோவில் வாங்குகிறோம். டப்பாவோ லிட்டரில் வருகிறது. ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் டப்பா என்று நினைத்து வாங்கினால் ஒவ்வொரு முறையும் கால் கிலோ வெளியே நிற்கும். அந்தக் கால் கிலோதான் ரப்பர் பேண்ட் போட்ட பொட்டலமாகிப் பின்வரிசைக்குப் போகிறது. வண்டு ஆரம்பிப்பதும் அங்கேதான்.

பருப்பு, உளுந்து, அரிசி, சீனி எல்லாம் கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் இடம் பிடிக்கும். ரவை ஒன்றரை லிட்டர். கோதுமை மாவும் மைதாவும் கிலோவுக்கு இரண்டு லிட்டர் வரை கேட்கும். தூள் உப்பு ஒரு கிலோ, ஒரு லிட்டர் டப்பாவில் இடம் மிச்சம் வைத்து அடங்கும். மல்லி இருக்கிறதே, கால் கிலோவே முக்கால் லிட்டரை அடைத்துவிடும். மிளகாய் வத்தல் அதைவிட மோசம், அதற்கு டப்பாவைக் கணக்குப் பார்க்காமல் பெரிய தகர டின்னாக ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் டப்பா எத்தனை லிட்டர் என்று தெரியாதா? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் ஊற்றி அளந்து, அடியில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். நான் அளந்தபோது, பரணில் கிடந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களும் காபித்தூள் பாட்டில்களுமே எங்கள் தாளிப்புச் சாமான் அத்தனைக்கும் போதுமானதாக இருந்தன. லேபிளை எடுக்க, பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்துத் தாளை உரித்துவிட்டு, ஒட்டியிருக்கும் பசையில் தேங்காய் எண்ணெயும் சோடா உப்பும் குழைத்துத் தடவி, பத்து நிமிஷம் கழித்துத் தேயுங்கள். மூடியில் ஊறுகாய் வாடை நின்றால் ஒரு நாள் முழுக்கத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பாட்டில் கழுத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது.

கல்லுப்பு, புளி, ஊறுகாய்க்குத் தகரமும் எவர்சில்வரும் வேண்டாம். கண்ணாடியோ பீங்கான் ஜாடியோதான் நல்லது. காருகுறிச்சி மண்பானை சின்னதாக ஒன்று இருந்தால் புளிக்கு அது போதும். கொட்டை எடுத்த புளியை இடையிடையே கல்லுப்புத் தூவி அமுக்கி வைத்தால் வருஷத்துக்கும் கெடாது. பெயிண்ட் வாளியில் அரிசி போட்டு வைக்கும் வழக்கத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது சாப்பாட்டுச் சாமானுக்கான பிளாஸ்டிக் இல்லை, தயவுசெய்து வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு எது குறைகிறதோ அதை மட்டும் வாங்குங்கள். நான் டவுனில் ரத வீதிப் பக்கம் போய் வாங்கியது இவ்வளவுதான்: ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஆறு, 180 ரூபாய். கைப்பிடி வைத்த சின்னக் கூடை நான்கு, 160 ரூபாய். மார்க்கர் 25, வெள்ளை டேப் 30. ஆக 395 ரூபாய். உங்கள் ஊரில் பத்து இருபது முன்னே பின்னே இருக்கும். எல்லா டப்பாவும் ஒரே வடிவத்தில், சதுரமாக இருந்தால் இடம் மிச்சமாகும். உருண்டை டப்பாக்களுக்கு நடுவே இடம் வீணாகிறது.

5. எதை எங்கே வைப்பது?

தினமும் கை போவது கண்ணுக்கு நேரான தட்டு. அங்கே துவரம்பருப்பு, சீனி, காபித்தூள், அஞ்சறைப்பெட்டி. கனமான அரிசி, எண்ணெய் டின் கீழே. எப்போதாவது எடுக்கும் வத்தல் வகை, கல்லிடைக்குறிச்சி அப்பளம் எல்லாம் மூடிய டின்னில் மேலே. அடுப்புக்கு நேர் மேலே மசாலா வைக்காதீர்கள். ஆவியும் சூடும் பட்டு ஒரே மாதத்தில் மணம் போய்விடும், பெருங்காயம் இறுகும்.

அரிசி மூட்டையைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள். நாலு செங்கல், மேலே ஒரு பலகை. 2023 டிசம்பர் 17, 18 மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறைப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தாமிரபரணித் தண்ணீர் வந்தது. அவ்வளவு வெள்ளத்துக்குப் பலகை தாங்காதுதான். ஆனால் வருஷா வருஷம் கார்த்திகையில் தரை ஓதம் அடிக்கிறதே, அதற்கு இந்தப் பலகை போதும். தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கு ஆனி ஆடிச் சாரலிலும் இதே பாடு. அந்த மாதங்களில் கருப்பட்டி இளகிக் கசியும். கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் இது நேர் எதிர், காற்று வேண்டும். பனையோலைப் பெட்டியில் மூடாமல் வையுங்கள். உருளைக்கிழங்கை அதோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

6. சமையலை வைத்துக் கூட்டுச் சேருங்கள்

எனக்கு அதிகம் உதவியது இதுதான். பருப்பெல்லாம் ஒரு பக்கம், தூளெல்லாம் ஒரு பக்கம் என்று வகை பார்த்து அடுக்கத்தான் எல்லாரும் சொல்வார்கள். நான் நாலு கூடையையும் நாலு சமையலுக்கு ஒதுக்கினேன்.

ஒரு கூடையில் தொலி உளுந்து, எள், வெந்தயம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்கிற அன்றைக்கு அந்தக் கூடையை அப்படியே மேடைக்கு இறக்கினால் போதும். இரண்டாவதில் இடிசாம்பாருக்கு (வறுத்து இடித்த பொடி போடும் சாம்பார்) மல்லி, மிளகாய் வத்தல், கடலைப்பருப்பு, காயம். மூன்றாவது புளிக்குழம்புக் கூடை: சுண்ட வத்தல், மிதுக்கு வத்தல், சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்) வத்தலில் அன்றாடத்துக்குக் கொஞ்சம். நான்காவது பிள்ளைகளுக்கான சாயங்காலப் பலகாரச் சாமான்: அவல், பொரிகடலை, ரவை.

ஆழமான சிமெண்ட் தட்டில் பின்வரிசை என்ற பிரச்சினையும் இதில் தீர்ந்துவிடுகிறது. கூடையை இழுத்தால் பின்னால் இருப்பதும் சேர்ந்து முன்னால் வரும்.

உங்கள் வீட்டில் வாரம் இரண்டு தடவை எது வேகிறதோ அதற்குத்தான் கூடை. நான் சொன்ன நாலையே வைக்க வேண்டும் என்பதில்லை.

7. பெயரும் தேதியும் எழுதுங்கள்

டேப்பை ஒட்டிப் பெரிய எழுத்தில் பெயர், கீழே வாங்கிய மாதம். பெயர் எதற்கு, பார்த்தாலே தெரியாதா என்று நானும் முதலில் நினைத்தேன். எங்கள் அத்தைக்குக் கண்புரை அறுவை நடந்த சமயம், "எம்மா, பாசிப்பருப்பு எது, கடலைப்பருப்பு எதுன்னு ஒண்ணும் தெரியமாட்டேங்குது, கொஞ்சம் பெருசா எழுதி ஒட்டேன்" என்றார்கள். இரண்டங்குல எழுத்தில் எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடாமல் அவர்களே எடுத்துச் சமைத்தார்கள். பெயரை மூடியில் ஒட்டாமல் டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள். கழுவும்போது மூடி மாறிப்போகும்.

புதுச் சாமான் வந்தால் பழையதன் மேல் கொட்டக் கூடாது. பழையதைக் கிண்ணத்தில் எடுத்து, டப்பாவைத் துடைத்து, புதியதைப் போட்டு, மேலே பழையதைப் போடுங்கள். ரேஷன் பருப்பும் கடைப் பருப்பும் வெவ்வேறு நேரத்தில் வேகும். இரண்டையும் கலக்காமல் தனித்தனி டப்பாவில் வையுங்கள்.

8. சீட்டு எழுதும் முறை

அலமாரிப் பக்கச் சுவரில் காலண்டர் தாள் ஒன்றை ஒட்டி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். எந்த டப்பா கால்வாசிக்கு வருகிறதோ, அதை எடுத்தவரே அதில் எழுதிவிட வேண்டும். பிள்ளைகளும் எழுதலாம். மாதக் கடைசியில் அந்தத் தாளைக் கிழித்து, அலமாரி முன்னால் ஒரு முறை நின்று சரிபார்த்து, அதையே பலசரக்குக் கடைக்குக் கொண்டுபோங்கள். எனக்கு இந்த வேலை பத்து நிமிஷத்தில் முடிகிறது. இந்த மாதச் சீட்டில் ரவை இல்லை, டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது.