மோப்ப நாய் எதைக் கற்றுக்கொள்கிறது?

மோப்ப நாய் வளர்க்கப் புதிதாக வருகிறவர்கள் எந்த இனம் நல்லது என்றுதான் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது அவர்கள் வாசனை மாதிரியை, அதாவது நாய் தேடக் கற்க வேண்டிய பொருளின் சிறு அளவை, எதில் வைத்திருக்கிறார்கள் என்பதை. பிளாஸ்டிக் பை என்றால் அன்று பயிற்சி கிடையாது.

நாயின் மூக்குக்கு எட்டுவது பொருள் அல்ல, அதிலிருந்து ஆவியாகும் மூலக்கூறுகள். கோகெய்ன் சிதையும்போது எழும் மெத்தில் பென்சோயேட்டை வைத்தே பல நாய்கள் அதைக் கண்டுபிடிக்கின்றன. மாதிரியோடு உங்கள் கையுறை, ஒட்டும் டேப், பையின் நெடி எல்லாம் சேர்ந்து வந்தால், நாய் அவற்றையும் பாடமாக்கிக்கொள்ளும். பிறகு டேப் சுருளின் முன் 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று கம்பீரமாக உட்காரும்.

ஆகவே மாதிரியை மூடி உள்ள கண்ணாடி ஜாடியில் தனியாக வையுங்கள். வரிசையில் வைக்கும் மற்ற ஜாடிகளில் வெறும் பஞ்சு ஒன்றில், கையுறைத் துண்டு ஒன்றில், டேப் துண்டு ஒன்றில் இருக்கட்டும். ஒவ்வொரு ஜாடிக்கும் புதிய கையுறை. மாதிரி ஜாடியில் மூக்கு இருக்கும் அந்த நொடியிலேயே பரிசு. தலையைத் தூக்கி உங்களைப் பார்த்த பிறகு கொடுத்தால், உங்களைப் பார்ப்பதற்கான கூலியாகிவிடும்.

அடுத்த கட்டமாக மாதிரியை அறையில் ஒளித்துவைக்கும்போது, உடனே தேடவிடாதீர்கள். வாசனை பரவ அரை மணி நேரமாவது கொடுங்கள். காற்று அதை எதிர்ச்சுவர் வரை தள்ளி, மூலையில் தேக்கிவைக்கும். நாய் அங்கே நின்றால் பொய் சொல்கிறது என்று நினைக்க வேண்டாம், காற்றை எதிர்த்து அது திரும்பிவர வழிவிடுங்கள். மோப்பத்தில் இருக்கும் நாய் வாயை மூடி, நொடிக்குச் சுமார் ஐந்து முறை உறிஞ்சும். வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கப் பிளவுகள் வழியே போவதால் முன்னால் உள்ள வாசனை அவ்வளவாகக் கலையாது. நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாய்க்கு மோப்பம் மட்டுப்படும். நிழலும் தண்ணீரும் கொடுத்த பிறகு தொடருங்கள்.

மறைவிடம் உங்களுக்கே தெரியாத தேடல்களும் கட்டாயம் வேண்டும். கலிஃபோர்னியாவில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், எதுவுமே ஒளித்துவைக்காத இடத்தில் நாயும் பயிற்சியாளருமாக 18 ஜோடிகள் தேடின. மாதிரி இருக்கலாம் என்று பயிற்சியாளர்கள் நம்பவைக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலான சுற்றுகளில் 'கண்டுபிடித்துவிட்டது' என்றே அவர்கள் அறிவித்தார்கள். உங்கள் நடை சற்றுத் தயங்கினாலே நாய் படித்துவிடும். எனவே வேறொருவர் ஒளிக்கட்டும். அவரும் அறைக்கு வெளியே நிற்கட்டும். சில அறைகளைக் காலியாகவே விடச் சொல்லுங்கள். அங்கே நாய் உட்காராமல் தேடிமுடித்தால், அடுத்த அறையில் எளிதான மாதிரி ஒன்றைக் கண்டுபிடிக்கவிட்டுப் பரிசைக் கொடுங்கள்.