எந்த லினக்ஸ போடலாம்? டெஸ்க்டாப்புக்கு டிஸ்ட்ரோ தேர்ந்தெடுக்கறது எப்படி

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க. சரி 11 போடலாம்னா டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்ப கேக்குது, இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனாவது இருக்கணும்ங்கறாங்க, அதனால நல்லா ஓடிட்டு இருக்கற நாலாவது ஜெனரேஷன் ஐ5 டெஸ்க்டாப் எல்லாம் நிறைய வீட்ல அந்தரத்துல நிக்குது. விண்டோஸுக்கு பதிலா ஃப்ரீயா கிடைக்கற லினக்ஸ் போட்டு பாப்போம்னு தேட ஆரம்பிச்சா மிண்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன், ஆர்ச், சோரின், எம்எக்ஸ்னு பேரா கொட்டுது (லினக்ஸோட இந்த வகைகளத்தான் டிஸ்ட்ரோனு சொல்றாங்க). எது நல்லதுனு பத்து வீடியோ பாத்தா பத்து பேரும் வேற வேற சொல்றாங்க.

நான் சொல்றது ஒண்ணுதான். டிஸ்ட்ரோவ படிச்சு முடிவு பண்ண முடியாது, உங்க மெஷின்ல ஓட்டி பாத்துதான் முடிவு பண்ணணும். ரெண்டு மூணு மட்டும் எடுத்து, ஒரே பென்டிரைவ்ல போட்டு, ஹார்ட்டிஸ்க்க தொடாமலே பாத்துடலாம். டிஸ்ட்ரோவாட்ச் ரேங்க் லிஸ்ட்ட நம்பி இறங்காதீங்க, அது அந்த சைட்ல எந்தப் பக்கத்த எத்தன பேர் தொறந்தாங்கங்கற கணக்கு, எத்தன பேர் யூஸ் பண்றாங்கங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

படி 1: உங்க வேலை லினக்ஸ்ல நடக்குமா?

இத மொதல்ல பாத்துடுங்க, ஏன்னா எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் இது மாறாது. டேலி, ஃபோட்டோஷாப், எம்எஸ் ஆஃபீஸ் இதெல்லாம் லினக்ஸுக்குனு வர்றதில்ல. அச்சகம் வெச்சிருக்கவங்க இன்னும் பேஜ்மேக்கர்ல ஓட்டிட்டு இருந்தா அந்த மெஷின விட்டுடுங்க. வலோரன்ட் ஆடற பசங்க வீட்ல இருந்தா அவங்ககிட்ட சொல்லிட்டு செய்ங்க, ஏமாத்தி ஆடறத தடுக்கற அதோட ஆன்ட்டி சீட் லினக்ஸ்ல ஓடாது (ஸ்டீம்ல இருக்கற மத்த கேம் நிறைய விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட்டற புரோட்டான் வழியா நல்லாவே ஓடும்). பிரவுசர், மெயில், யூடியூப், லெட்டர் அடிக்கறது, எக்செல் மாதிரி கணக்கு, பசங்க கோடிங் படிக்கறது இவ்வளவுதான்னா யோசிக்கவே வேணாம். பழைய பாமினி ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் இருந்தா அந்த ஃபான்ட் ஃபைலையும் சேத்து காப்பி எடுத்து வெச்சுக்கோங்க, லினக்ஸ்ல அத இன்ஸ்டால் பண்ணாதான் லிப்ரே ஆஃபீஸ்ல (எம்எஸ் ஆஃபீஸுக்கு பதிலா வர்ற ஃப்ரீ சாஃப்ட்வேர்) எழுத்து சரியா தெரியும்.

படி 2: மெஷின்ல என்ன இருக்கு?

விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேத்து அமுக்கி எம்எஸ்இன்ஃபோ32னு டைப் பண்ணுங்க. ராம் எவ்வளவு, பிராசஸர் என்ன, பயாஸ் மோட் (பூட் ஆகற முறை) புது யுஇஎஃப்ஐயா பழைய லெகசியா, இந்த மூணையும் குறிச்சுக்கோங்க. கிராஃபிக்ஸ் கார்டு தனியா இருந்தா அது ஏஎம்டியா என்விடியாவானு பாருங்க. இன்டெல், ஏஎம்டினா டிரைவர் கர்னல் (லினக்ஸோட உள்மையம்) கூடவே வந்துடும். என்விடியானா டிரைவர தனியா போடணும், மிண்ட்லயும் உபுண்டுலயும் அதுக்குனு டிரைவர் மேனேஜர் இருக்கு, ரெண்டு க்ளிக்ல முடிஞ்சிடும். நம்ம ஊர்ல நிறைய பேர்கிட்ட இருக்கற ஜிடி 710 மாதிரி பழைய கார்டுக்கு 470ங்கற பழைய சீரிஸ் டிரைவர்தான் வேணும், அதனால கர்னல அடிக்கடி மாத்தற டிஸ்ட்ரோ பக்கம் அந்த கார்டோட போகாதீங்க.

இங்க ஒண்ணு சொல்லிடறேன், இன்னும் சுத்தற ஹார்ட்டிஸ்க்ல ஓட்டிட்டு இருந்தீங்கன்னா ஒரு எஸ்எஸ்டி வாங்கி போடறது எந்த டிஸ்ட்ரோவையும் விட பெரிய வித்தியாசத்த காட்டும்.

படி 3: மூணு டிஸ்ட்ரோ மட்டும்

டிஸ்ட்ரோனு நீங்க கண்ணால பாக்கறதுல பாதிக்கு மேல டெஸ்க்டாப் என்விரான்மென்ட்தான். மெனு எங்க இருக்கு, டாஸ்க்பார் எப்படி இருக்குங்கறதெல்லாம் அது முடிவு பண்றது. மிண்ட்ல வர்ற சின்னமன் கிட்டத்தட்ட விண்டோஸ் 7 பழக்கத்துக்கே இருக்கும். உபுண்டு, ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன்ல வர்றது க்னோம், அது முழுக்க வேற பழக்கம், சிலருக்கு உடனே புடிக்கும், சிலருக்கு ஜன்மத்துக்கும் புடிக்காது. கேடிஇ பிளாஸ்மா (குபுண்டு, ஃபெடோரா கேடிஇ) எல்லாத்தையும் மாத்திக்கலாம், நோண்டற ஆசை இருக்கறவங்களுக்கு. எக்ஸ்எஃப்சிஇ பாக்க பழசா இருக்கும், ஆனா லேசா ஓடும்.

இன்னொண்ணு எத்தன வருஷம் அப்டேட் வரும்ங்கறது. உபுண்டு எல்டிஎஸ் (ரொம்ப நாள் சப்போர்ட் உள்ள வெர்ஷன்) ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஏப்ரல்ல வருது, அஞ்சு வருஷம் சப்போர்ட். மிண்ட் அந்த எல்டிஎஸ் மேலதான் கட்டினது, மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் இருக்கு. ஃபெடோரா ஆறு மாசத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் சுமார் 13 மாசம்தான், அப்புறம் அடுத்ததுக்கு மாறியே ஆகணும். ஆர்ச்சுக்கு வெர்ஷனே கிடையாது, வந்துட்டே இருக்கும்.

அதனால 8 ஜிபி ராம் உள்ள சாதாரண மெஷின்னா மிண்ட் சின்னமன், உபுண்டு எல்டிஎஸ், ஃபெடோரா கேடிஇ மூணையும் எடுத்துக்கோங்க. 4 ஜிபினா மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ, சுபுண்டு, எம்எக்ஸ் லினக்ஸ். 2 ஜிபிதான்னா ஆன்டிஎக்ஸ் ஓடும், ஆனா குரோம் தொறந்ததும் மூச்சு முட்டும், ராம் சேக்கறதுதான் வழி. மெஷின் புத்தம் புதுசுனா ஃபெடோரா முன்னாடி போகட்டும், அதுல கர்னல் புதுசு, புது ஹார்டுவேர் சீக்கிரம் புடிபடும். காலேஜ் பசங்க காளிதான் வேணும்னு நிப்பாங்க, ஹேக்கிங் ஆசைல. லினக்ஸே புதுசுனா இத போடாதீங்கனு காளியோட டாக்குமென்டேஷன்லயே எழுதிருக்கு, அத காட்டிடுங்க. கவர்மெண்ட் லேப்டாப் வாங்கினவங்க பாஸ் லினக்ஸ பாத்திருப்பீங்க, சி-டாக் பண்ணது, அதுவும் டெபியன்லேந்து வந்ததுதான்.

படி 4: பென்டிரைவ் ரெடி பண்றது

32 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு, உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும். வென்டாய்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அத ஒரே ஒரு தடவ பென்டிரைவ்ல இன்ஸ்டால் பண்ணிட்டா அதுக்கப்புறம் ஐஎஸ்ஓ ஃபைல (டிஸ்ட்ரோ முழுசும் இருக்கற ஒரே ஃபைல்) சும்மா காப்பி பண்ணா போதும், பூட் பண்றப்ப எது வேணும்னு லிஸ்ட் வரும். மூணையும் ஒரே பென்டிரைவ்ல வெச்சு பாக்கறதுக்கு இதவிட சுளுவான வழி இல்ல. ஐஎஸ்ஓவ அந்தந்த டிஸ்ட்ரோவோட சொந்த சைட்லேந்து மட்டும் எடுங்க. மிண்ட் சுமார் 3 ஜிபி, உபுண்டு 6 ஜிபி பக்கம் வரும், டேட்டா பேக் பாத்துக்கோங்க. டவுன்லோட் பாதில கெட்டுப்போன ஃபைல்னாலதான் நிறைய பேருக்கு இன்ஸ்டால் நடுவுல நிக்குது, அதனால சைட்ல குடுத்திருக்கற எஸ்எச்ஏ256 நம்பர (ஃபைல் கெடாம இருக்கானு காட்டறது) ஒத்து பாத்துடுங்க.

படி 5: லைவா (இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லேந்தே) ஓட்டி பாருங்க

பென்டிரைவ சொருகி ரீஸ்டார்ட் பண்ணி பூட் மெனு கீய தட்டிட்டே இருங்க. டெல், லெனோவோ, கிகாபைட் போர்டுனா எஃப்12, எச்பினா எஃப்9, எம்எஸ்ஐ எஃப்11, ஏசுஸ் போர்டு எஃப்8. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா வென்டாய் முதல் தடவ நீல ஸ்கிரீன்ல கீ என்ரோல் பண்ண சொல்லும், பயப்படாம பண்ணுங்க, ஒரு தடவதான். ஸ்கிரீன் கருப்பா நின்னுட்டா, முக்கியமா என்விடியா இருந்தா, மறுபடி வந்து மிண்ட்ல கம்பாட்டிபிலிட்டி மோட், உபுண்டுல சேஃப் கிராஃபிக்ஸ்னு இருக்கறத எடுங்க.

உள்ள வந்ததும் வால்பேப்பர பாத்துட்டு நிக்காதீங்க. மொதல்ல நெட். அசெம்பிள்டு டெஸ்க்டாப்ல வைஃபை இருக்காது, மலிவா ஒரு யுஎஸ்பி டாங்கிள் சொருகியிருப்பீங்க, அதுல இருக்கற ரியல்டெக் சிப்ப சில டிஸ்ட்ரோ உடனே புடிக்கும், சிலது கண்டுக்காது. கண்டுக்கலேன்னா ஆண்ட்ராய்டு ஃபோன கேபிள்ல மாட்டி யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, கேபிள் நெட் மாதிரியே வந்துடும், அத வெச்சு டிரைவர் இறக்கிக்கலாம். அடுத்து சவுண்ட், எச்டிஎம்ஐ மானிட்டர்லயும் வரணும் பின்னாடி ஜாக்லயும் வரணும். யூடியூப்ல 1080ல ஒரு வீடியோ விடுங்க. பிரிண்டர மாட்டி ஒரு பேஜ் எடுங்க. சஸ்பெண்ட் போட்டு எழுப்பி பாருங்க, இத யாரும் பாக்கறதே இல்ல, இன்ஸ்டால் பண்ணப்புறம்தான் தூங்கினது எந்திரிக்கலனு தெரியும்.

தமிழ் டைப்பிங்கையும் இங்கயே பாத்துடுங்க. க்னோம்ல செட்டிங்ஸ்ல கீபோர்டு போய் இன்புட் சோர்ஸ்ல தமிழ சேத்தா தமிழ்99, ஃபொனடிக் ரெண்டும் லிஸ்ட்ல இருக்கும், இல்லேன்னா ஐபஸ்-எம்17என் பேக்கேஜ் போடணும். மிண்ட்ல இன்புட் மெத்தட்னு மெனுலயே தனியா ஒண்ணு இருக்கு.

ஸ்பீட மட்டும் லைவ்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, பென்டிரைவ்லேந்து ஓடறதால எல்லாமே மெதுவாதான் தொறக்கும். நீங்க மாத்தற எதுவும் சேவ் ஆகாது, அதனால தைரியமா நோண்டுங்க. ஒவ்வொண்ணையும் ஒரு சாயங்காலம் முழுக்க ஓட்டுங்க. எதுல எல்லா ஹார்டுவேரும் கேள்வி கேக்காம வேலை செஞ்சுதோ, கை தானா மெனுவ தேடி போச்சோ, அதான் உங்களோடது. ரெண்டு சமமா இருந்தா மிண்ட எடுங்க, சந்தேகம் வந்து தேடறப்ப உபுண்டுக்கு எழுதின பதில் முக்கால்வாசி அதுக்கும் செல்லும்.

படி 6: போடறப்ப

டெஸ்க்டாப்ல இருக்கற பெரிய வசதி இன்னொரு டிஸ்க் மாட்டலாம்ங்கறது. 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு போட்டு, இன்ஸ்டால் பண்றப்ப விண்டோஸ் டிஸ்க்கோட சாட்டா கேபிள கழட்டி வெச்சுடுங்க, தப்பான டிஸ்க்க அழிக்கற பயமே இல்ல. முடிஞ்சதும் மாட்டிட்டு பூட் மெனு கீல எது வேணுமோ அத எடுத்துக்கலாம். ஒரே டிஸ்க்ல ரெண்டும்னா டேட்டாவ வெளிய காப்பி எடுத்துட்டு, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப ஆஃப் பண்ணிட்டு, பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வெக்கற வசதி) இருந்தா ரிக்கவரி கீய எழுதி வெச்சுட்டு ஆரம்பிங்க. படி 2ல குறிச்ச பயாஸ் மோட்லயே பென்டிரைவையும் பூட் பண்ணுங்க, ஒண்ணு லெகசி ஒண்ணு யுஇஎஃப்ஐனு ஆயிட்டா பூட் லிஸ்ட்ல விண்டோஸ் வராது.

ரெண்டையும் வெச்சுக்கறவங்களுக்கு விண்டோஸ்ல கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும். வைரஸும் இல்ல, பேட்டரியும் போகல, லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல கிரீன்விச் நேரத்த வெக்கும், விண்டோஸ் அத நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கும். விண்டோஸ்ல டேட் அண்ட் டைம் போய் சிங்க் நவ் அமுக்கினா அப்போதைக்கு சரியாயிடும், லினக்ஸுக்கு போய்ட்டு வந்தா மறுபடி மாறிடும். நிரந்தரமா சரி பண்ண லினக்ஸ் டெர்மினல்ல timedatectl set-local-rtc 1னு அடிங்க, அப்புறம் லினக்ஸும் நம்ம ஊர் நேரத்தையே வெக்கும்.